கணினியோடு தமிழ் பேசியவர்கள் – 11: நிபந்தனை முன்னே, கட்டளை பின்னே

சென்ற பகுதியில் சென்னையில் இருந்தோம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் வாசற்கோலத்துக்கு இலக்கணம் வகுத்து 1974இல் கட்டுரை வெளியிட்டதைப் பார்த்தோம். புள்ளியும் கோடும் சில விதிகளிலிருந்து பிறக்கின்றன, அந்த விதிகளை எழுதிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த வேலை கணிதத் தாளில் நடந்தது. தமிழ் வாக்கியத்தின் அமைப்பையே விதியாக எழுதி, அதைக் கணினி படித்து நடக்கும்படி செய்தவர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பகுதி அவரைப் பற்றியது. அவர் செய்ததை ஈப்போவில் உட்கார்ந்து நாமும் செய்து பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பெரும் குழுவிலிருந்து ஓர் ஆளுக்கு

மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித்தருவது கம்பைலர். நிரலை வரிவரியாகப் படித்து அங்கேயே நடத்திக்காட்டுவது இன்டர்பிரெட்டர். இரண்டுக்கும் முன்வாசல் ஒன்றுதான்: எழுதியிருப்பது இலக்கணப்படி இருக்கிறதா, எது எதோடு சேரும் என்று பிரித்தறியும் பார்சர்.

முதலில் இவை பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமே கைவந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு குழு 1954இல் வேலையைத் தொடங்கி, 1957இல் ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டது. அதற்குச் செலவான உழைப்பு 18 ஆள்-ஆண்டுகள் என்று பாடநூல்கள் குறிக்கின்றன. பார்சர் எழுதுவதற்கென்று ஒரு கோட்பாடு அன்று இல்லை. வழியைக் கண்டுபிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

1960இல் கல்லூரிப் படிப்பை முடித்த டொனால்ட் நூத், மேற்படிப்புக்குப் போகும் முன் கிடைத்த கோடை விடுமுறையில், பர்ரோஸ் 205 கணினிக்கு அல்கால் மொழிக் கம்பைலர் எழுதும் வேலையைத் தனியாளாக எடுத்துக்கொண்டார். அதே காலத்தில் நிரல்மொழியின் இலக்கணத்தைச் சுருக்கமான விதிகளாக எழுதும் முறையைப் பேக்கஸும் பீட்டர் நாவரும் நிலைநிறுத்தினார்கள். விதி தெளிவானதும் வேலையின் பாதி முடிந்துவிடுகிறது. 1976இல் நிக்லாஸ் விர்த் தம் பாடநூலின் இறுதியில் 'பிஎல்/0' என்ற சிறு மொழியையும் அதற்கான முழுக் கம்பைலரையும் அச்சிட்டுத் தந்தார். வாசகர் பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்க முடிந்தது. 1988இல் ஜாக் கிரென்ஷா, கோட்பாட்டைக் கண்டு மிரண்டு நிற்பவர்களுக்காக, கம்பைலரைக் கையாலேயே கட்டுவது எப்படி என்று ஒரு பாடத்தொடரை ஆரம்பித்தார். அது 16 பகுதிகளாக 1995 வரை நீண்டது.

இப்படித்தான் கம்பைலர் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. உலகெங்கும் நிரல் பழகுபவர்கள் மாலை நேரங்களில் சொந்தமாக ஒரு மொழியைக் கட்டிப் பார்க்கும் வழக்கம் வளர்ந்தது. பெரும்பாலோர் கட்டியது ஆங்கிலச் சொற்களோடுதான்.

மாலை நேரத்தில் ஒரு மொழி

முத்து அண்ணாமலை திருச்சியில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மேற்படிப்பைத் தொடர்ந்தவர். துறை மின்பொறியியல். கம்பைலர் எழுதுவது அவருக்குச் சம்பள வேலையும் ஆய்வுப்பட்ட வேலையும் அன்று. 2007இல் தமிழில் நிரல் எழுதும் ஒரு மொழியைச் சொந்த விருப்பத்தில் கட்டத் தொடங்கினார். அதற்கு 'எழில்' என்று பெயரிட்டு, 2009 ஜூலையில் ஒரு கட்டுரையின் வழியாக அறிவித்தார். பின்னர் அதன் மூலநிரலை யாரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்.

தமிழில் நிரல்மொழி என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 'ஸ்வரம்' என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. எழிலை நாம் தனியாக எடுத்துப் பேச இரண்டு காரணங்கள் உண்டு. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இன்றும் எவரும் திறந்து படிக்கலாம். இரண்டாவது காரணம், அது ஆங்கிலச் சொற்களை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. வாக்கியத்தின் வரிசையையும் மாற்றியது.

பெரும்பாலான நிரல்மொழிகளில் கட்டளைச்சொல் முதலில் வரும். அதன் பிறகு நிபந்தனை, அதன் பிறகு செய்ய வேண்டியது. ஆங்கில வாக்கியத்தின் வரிசை அது. தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. "மழை பெய்தால் பால்மரம் வெட்டப் போவதில்லை" என்று சொல்லும்போது முதலில் மழை வருகிறது. 'ஆல்' என்ற நிபந்தனைக் குறி வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. எழிலில் ஒரு சிறு நிரலைப் பாருங்கள். ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுக்கும் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எண்கள் கற்பனை.

எடை = 24
@( எடை > 20 ) ஆனால்
  பதிப்பி "கூடுதல் காசு உண்டு"
இல்லை
  பதிப்பி "நாட்கூலி மட்டும்"
முடி

இரண்டாம் வரியை வாய்விட்டுப் படித்தால் "எடை இருபதுக்கு மேல் ஆனால்" என்று தமிழாகவே ஒலிக்கும். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்க நிபந்தனைக்குப் பின்னே 'வரை' என்று எழுத வேண்டும். எண்ணிச் செய்ய 'ஆக'. ஒரு செயலைப் பெயரிட்டு வைத்துக்கொள்ள 'நிரல்பாகம்', அதன் விடையைத் திருப்பித்தர 'பின்கொடு'. இவ்வளவு தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளை வாய்ப்பாடு அச்சிட்டுவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

தோட்டத்து ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரத்திலிருந்து வந்த பால் நேராக ஷீட் ஆகிவிடுவதில்லை. முதலில் வடிகட்டுவார்கள், பிறகு தொட்டியில் அமிலம் சேர்த்து உறைய வைப்பார்கள், பிறகு உருளையில் கொடுத்துத் தகடாக்குவார்கள், கடைசியில் புகைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் தந்ததை மட்டுமே வாங்கிக்கொள்ளும். நிரலும் இன்டர்பிரெட்டருக்குள் அப்படித்தான் கட்டம் கட்டமாகப் போகிறது.

முதல் கட்டத்தில் எழுத்துகளின் நீண்ட சரம் சொற்களாகப் பிரிகிறது. 'எடை' ஒரு பெயர், '>' ஒரு குறி, '20' ஓர் எண், 'ஆனால்' ஒரு கட்டளைச்சொல் என்று ஒவ்வொன்றுக்கும் வகை குறிக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் பார்சர் அந்தச் சொற்களை வரிசையாக வாங்கி, இலக்கண விதிகளோடு ஒப்பிட்டு, கிளை கிளையாகப் பிரியும் ஓர் அமைப்பைக் கட்டுகிறது. மூன்றாம் கட்டம் அந்தக் கிளைகளில் ஏறி இறங்கி, கூட்ட வேண்டியதைக் கூட்டி, அச்சிட வேண்டியதை அச்சிடுகிறது. முத்து அண்ணாமலை இந்த மூன்றையும் பைத்தான் மொழியில் எழுதினார்.

இரண்டாம் கட்டத்தை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2 + 3 × 4 என்றால் விடை 14 என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும். கணினிக்கு அதைச் சொல்லும் முறை வெகு அழகானது. மூன்று விதிகள் போதும். கோவை என்பது கூட்டல் குறியால் இணைந்த உறுப்புகள். உறுப்பு என்பது பெருக்கல் குறியால் இணைந்த காரணிகள். காரணி என்பது ஓர் எண், அல்லது அடைப்புக்குள் இருக்கும் ஒரு கோவை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு நிரல்பாகம் எழுதுங்கள். கோவையைப் படிக்கும் பாகம் உறுப்பைப் படிக்கும் பாகத்தை அழைக்கும். அது காரணியை அழைக்கும். கூட்டலுக்கு வலப்பக்கம் உள்ள உறுப்பை முழுதாகப் படித்து முடித்த பிறகே கூட்டல் நடக்கும் என்பதால் 3 × 4 தானாகவே முதலில் முடிந்துவிடுகிறது. அடைப்பு வந்தால் காரணி மீண்டும் கோவையையே அழைக்கும். எத்தனை அடைப்புக்குள் அடைப்பு வைத்தாலும் இதே மூன்று பாகங்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். விர்த்தும் கிரென்ஷாவும் கற்பித்த வழி இதுதான். எழிலின் பார்சரும் இதே வகை.

இப்போது தமிழ் வரிசை கொண்டுவரும் சிக்கலுக்கு வருவோம். கட்டளைச்சொல் முதலில் வரும் மொழியில் பார்சருக்குச் சிரமம் குறைவு. முதல் சொல்லைப் பார்த்ததுமே அடுத்து என்ன எதிர்பார்க்கலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும். தமிழ் வரிசையில் நிபந்தனை முன்னே வந்து நிற்கிறது. "எடை > 20" என்று படிக்கும்போது, இது ஒருமுறை சோதிப்பதற்கா, திரும்பத் திரும்பச் செய்வதற்கா, வெறும் கணக்கா என்று பார்சருக்குத் தெரியாது. முடிவு வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது.

எழில் இதற்குக் கண்ட தீர்வுதான் அந்த '@' குறி. அதைப் பார்த்ததும் பார்சர், "இனி வருவது ஒரு நிபந்தனை, படித்துக் கையில் வைத்துக்கொள், என்ன செய்வதென்று பின்னால் வரும் சொல் சொல்லும்" என்று புரிந்துகொள்கிறது. அடைப்புக்குள் உள்ள கோவையைப் படித்து எடுத்து வைக்கிறது. பிறகு 'ஆனால்' வந்தால் ஒரு கிளை, 'வரை' வந்தால் இன்னொரு கிளை. ஒரே ஒரு குறியின் செலவில் தமிழ் வாக்கிய வரிசை முழுதாகக் காப்பாற்றப்பட்டது. பெரிய நிறுவனமோ பெரும் பணமோ இதற்குத் தேவைப்படவில்லை. தம் மொழி எப்படி நடக்கிறது என்று கவனித்த ஒருவர், பார்சர் எப்படி நடக்கும் என்றும் அறிந்திருந்தார். அது போதுமானதாக இருந்தது.

எழுத்தே ஒரு சிக்கல்

முதல் கட்டத்திலும் தமிழுக்கென ஒரு தொல்லை இருந்தது. 'ஈப்போ' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: ஈ, ப், போ. யூனிகோடு முறையில் அதே சொல் ஐந்து குறியீடுகள்: ஈ, ப, புள்ளி, ப, ஓகாரக் குறி. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வீதம் 15 பைட்டு. பைத்தானில் சொற்களைத் தேடிப் பிரிக்கும் வழக்கமான கருவி, புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாக ஏற்பதில்லை. அதனிடம் 'எழில்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'எழ' என்பதோடு நின்றுவிடும். ஆகவே தமிழ் நிரல்மொழி கட்டுபவர், எது தமிழ் எழுத்து, ஒரு பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் தாமே வரையறுக்க வேண்டியிருந்தது.

பைத்தான் மொழியே 2008இல் தன் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்க இடம் தந்தது. கட்டளைச்சொற்களும் வாக்கிய வரிசையும் ஆங்கிலத்திலேயே இருந்தன. வரிசையை மாற்ற விரும்பினால் பார்சரைத் தொட்டே ஆக வேண்டும்.

கோலாலம்பூர், 2013 ஆகஸ்ட்

எழில் மலேசியாவுக்கு வந்தது 2013இல். அவ்வாண்டு ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பன்னிரண்டாம் தமிழ் இணைய மாநாட்டுக்காக, தொடக்கநிலைக் கணினிக் கல்விக்கு எழிலை அழைப்பாக முன்வைக்கும் கட்டுரையை முத்து அண்ணாமலை எழுதினார். 2001லும் இம்மாநாடு கோலாலம்பூரில் கூடியிருக்கிறது. 1985லேயே முத்து நெடுமாறனின் முரசு மென்பொருளைக் கண்ட நாடு இது. தமிழை உள்ளிடவும் காட்டவும் கணினியைப் பழக்கியதில் மலேசியத் தமிழரின் பங்கை முன்பே விரிவாகப் பார்த்தோம். எழில் எழுப்பியது அடுத்த கேள்வி: தமிழைக் காட்டும் கணினி, தமிழில் சொல்வதைக் கேட்டு நடக்குமா?

இந்தக் கேள்வி பேரா மாநிலத்தில் இருக்கும் எனக்கு வெகு அருகில் கேட்கிறது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதைத் தொடர்ந்த தோட்டங்களுக்கு வேலையாட்களாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் நாம். தோட்டப்பள்ளிகளில் பலருக்கு ஆறாம் வகுப்போடு கதவு மூடியது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தைப்பிங்குக்கும் நகர்ந்தார்கள். பள்ளிகளும் சில இடங்களில் கூடவே நகர்ந்தன. பெயரில் மட்டும் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' இன்னும் இருக்கிறது. இன்று நாட்டிலேயே அதிகமாக 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பேராவில்தான் உள்ளன.

அந்தப் பள்ளிகளில் நிரலாக்கம் இப்போது பாடத்தில் இருக்கிறது. திருத்தப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 2020இல் நான்காம் ஆண்டு வகுப்பை எட்டியது. அதன் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் பிள்ளைகள் படிப்படியாகச் சிந்தித்து நிரல் அமைக்கப் பழகுகிறார்கள். அந்தப் படிகளை அவர்கள் தமிழில் யோசிக்கிறார்கள், தமிழில் விளக்குகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் விளக்கம் மலாயில்; நிரலின் சொற்களோ ஆங்கிலத்தில். மூன்று மொழிகளில் மாறி மாறிக் கால் வைக்கும் பிள்ளை தடுமாறும்போது, தனக்குக் கணக்கு வராது, கணினி வராது என்று முடிவுகட்டிவிடுகிறது. தடுமாற்றம் தர்க்கத்திலா, சொல்வரிசையிலா என்று அதற்குத் தெரிவதில்லை. நம்மிலும் பலர் கேட்டுப் பார்ப்பதில்லை.

பயன் என்ன என்பவர்களுக்கு

எழிலைக் கற்றால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்த நிறுவனமும் எழிலில் நிரல் எழுதச் சொல்லி ஆளெடுப்பதில்லை. கிளைகளில் ஏறி இறங்கி வேலை செய்யும் இன்டர்பிரெட்டர் என்பதால் வேகமும் குறைவு. எழில் தன்னை அதற்காக முன்வைக்கவும் இல்லை. முதல் படிக்கட்டாக இருப்பதே அதன் நோக்கம். எழுத்தாளர் என். சொக்கனோடு சேர்ந்து முத்து அண்ணாமலை எழுதிய 'தமிழில் நிரல் எழுது' என்ற பாடநூலும் அந்த நோக்கத்தில்தான் உருவானது. பிள்ளைக்குத் தர்க்கம் தமிழில் பிடிபட்டுவிட்டால் பைத்தானுக்கு மாறுவது சொற்களை மாற்றிக்கொள்ளும் வேலையாகிவிடும்.

பிறமொழியாரும் இவ்வழியில் நடந்திருக்கிறார்கள். சோவியத் நாட்டில் 1980களில் ரஷ்யச் சொற்களோடு 'ராபிரா' என்ற கல்வி மொழி இருந்தது. ராம்சி நாசர் அரபியில் 'கல்ப்' என்ற மொழியைக் கட்டினார். 2019இல் லிங்டாங் ஹுவாங் என்ற மாணவர் பழஞ்சீன நடையில் 'வென்யான்' என்ற நிரல்மொழியை உருவாக்கியபோது உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து அதில் கைசேர்த்தார்கள். கல்ப்பும் வென்யானும் தனியாட்களின் சொந்தத் திட்டங்கள்.

எனக்கு எழிலைப் பயன்படுத்துவதைவிட எழில் போன்ற ஒன்றைக் கட்டிப் பார்ப்பதுதான் பெரிய பாடமாகத் தெரிகிறது. ஒரு நிரல்மொழியைக் கற்கும் பிள்ளை அதன் இலக்கணத்தை இயற்கை விதியைப் போல ஏற்றுக்கொள்கிறது. ஒரு பார்சரை எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அந்த இலக்கணம் யாரோ ஒருவர் ஒரு நாள் எடுத்த முடிவு என்று தெரிந்துவிடும். கட்டளைச்சொல் முன்னே வரலாம், பின்னேயும் வரலாம். இரண்டுக்கும் இடையே இருப்பது சில வரி நிரல். இதை அறிந்த பிள்ளை தன் மொழியைக் கணினிக்கு ஒவ்வாதது என்று ஒருபோதும் நினைக்காது. கூலிக்கணக்கு முதல் பள்ளிக்கூடம் வரை வேறொருவர் வகுத்த விதிப்படியே வாழ்ந்து பழகிய தோட்டச் சமூகத்துக்கு, விதியை வகுக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் அனுபவம் மிகவும் தேவை.

தொடங்குவது கடினமில்லை. பைத்தான் இலவசம், பழைய மடிக்கணினி போதும். முதலில் மேலே சொன்ன மூன்று விதிகளோடு ஒரு கூட்டல்-பெருக்கல் கணிப்பானை எழுதுங்கள். அடைப்புக்குறி சரியாக வேலை செய்யும் வரை அதைவிட்டு நகராதீர்கள். பிறகு எண்களுக்குப் பெயர் வைக்க வழி செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு நிபந்தனைச் சொல். அதை எங்கே வைப்பது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். பிழை நேரும்போது வரும் செய்தியைத் தெளிவான தமிழில் எழுதுங்கள். எந்த வரியில், எந்தச் சொல்லுக்கு அருகில் தவறு என்று சொல்லுங்கள். பாதியில் நின்றாலும் நட்டமில்லை. கணிப்பானோடு நின்றவர்கூட நிரலைப் படிக்கும் கண்ணை மாற்றிக்கொண்டு எழுவார்.

தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகத்திலும் நாளைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பயில்கிறார்கள். கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் கணினியியல் படிக்கிறார்கள். இவ்விரு தரப்பும் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரே மேசையில் அமர்ந்தால், நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கேற்ற ஒரு சிறு தமிழ் நிரல்மொழியைக் கட்டிவிட முடியும். தேவையான விதிகள் அச்சில் இருக்கின்றன, எழிலின் மூலநிரல் திறந்து கிடக்கிறது, கற்பிக்க வகுப்பறையும் இருக்கிறது. இந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தைப் பேராவிலிருந்தே எழுதலாம்.

அடுத்த பகுதியில், எழிலோடு கிளைத்து வளர்ந்த 'ஓப்பன்-தமிழ்' நூலகத்தையும், குளோஜர் என்ற நிரல்மொழிக்குத் தமிழ்ச் சொற்களைக் கொண்டுவந்த இளங்கோ சேரனின் முயற்சியையும் பார்ப்போம்.

(தொடரும்)